கணினியில் உங்கள் நிலம் யார் பெயரில் இருக்கிறது?

விதை மானியம், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் உதவித்தொகை, கூட்டுறவுக் கடன் என்று எதைக் கேட்டுப் போனாலும் இன்று முதலில் பார்க்கப்படுவது நிலப் பதிவுதான். அதில் பெயர் இல்லாதவர் எத்தனை ஆண்டு உழுதிருந்தாலும் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரிடுகிறது. பாட்டனார் பெயரிலேயே பட்டாவை விட்டு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் நம் கிராமங்களில் ஏராளம். அவர்களை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முன்பு கிராமக் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. 1980-ல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எந்த வயலை யார் உழுகிறார் என்பது ஊரில் தெரிந்த விஷயம். ஏட்டில் பழைய பெயர் இருந்தாலும் ஆளைப் பார்த்து வேலை நடந்தது. (ஆளைப் பார்த்து நடந்த வேறு காரியங்களும் வாசகர்களுக்குத் தெரியும்.) கணினிக்கு ஆளைத் தெரியாது. பெயரும் எண்ணும்தான் தெரியும்.

இந்த மாற்றத்துக்கு முன்னோடிகளில் ஒன்று அண்டை மாநிலமான கர்நாடகம். அங்கு ‘பூமி’ என்ற திட்டத்தில் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, கையால் எழுதித் தரும் நகல் செல்லாது என்று அறிவித்தார்கள். தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் நகல் கிடைத்தது. பிறகு மத்திய அரசு 2006-ல் தேசிய மின் ஆளுமைத் திட்டத்தையும், 2008-ல் நாடு முழுவதற்குமான நில ஆவண நவீனமயத் திட்டத்தையும், 2015-ல் டிஜிட்டல் இந்தியாவையும் கொண்டு வந்தது. 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு விவசாயிக்கும் 11 இலக்கம் கொண்ட தனி அடையாள எண் தந்து, அவருடைய நிலத்தையும் பயிரையும் அதனோடு இணைப்பது இதன் நோக்கம். தமிழ்நாட்டில் 2025-ல் இதற்காகக் கிராமங்களில் முகாம்கள் நடந்தன.

திட்டம் நல்லதே. ஒருமுறை பதிவாகிவிட்டால் ஒவ்வொரு மானியத்துக்கும் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஆனால் பதிவைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு சத்தமில்லாமல் விவசாயியின் தலையில் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது எழுதப்பட்ட பதிவுகளே பெரும்பாலும் கணினிக்கு அடிப்படை. அன்று விழுந்த பிழைகள் பல அப்படியே கணினியிலும் ஏறியுள்ளன. ‘யு.டி.ஆர். பிழை’ என்று தாலுகா அலுவலகத்தில் சொல்வது இதைத்தான்.

ஆகவே முதல் வேலை, பட்டா நகலை எடுத்துப் பார்ப்பது. தமிழக அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்தால் பட்டாவைக் காணலாம். வீட்டில் கைபேசி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையேல் இ-சேவை மையத்துக்குப் போகலாம். பரப்பு ‘ஹெக்டேர் – ஏர்’ கணக்கில் இருக்கும். 0 – 40.50 என்றால் சுமார் ஒரு ஏக்கர். ஓர் ஏர் ஏறத்தாழ இரண்டரை சென்ட். புல எண்ணையும் உட்பிரிவையும் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். பெயர் ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டாவில் ‘முருகன்’, ஆதாரில் ‘முருகேசன்’ என்றால் இரண்டையும் இணைக்கும்போது சிக்கல் வரும்.

பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழ் பெற்று இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்ய வேண்டும். பங்கு பிரிக்காத நிலையில் வாரிசுகள் அனைவர் பெயரும் சேர்ந்து கூட்டுப் பட்டா ஆகும். அண்ணன் தம்பிகள் வரப்புப் போட்டு வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு முப்பது ஆண்டு ஆகியிருக்கலாம். கணினிக்கு அது தெரியாது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, உட்பிரிவுடன் மாறுதல் கேட்டால்தான் தனிப் பட்டா. உடன்பிறந்த பெண்களை விட்டுவிட்டு மனுப் போடுவது பின்னால் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். பி.எம். கிசான் விதிகளில் 1-2-2019 அன்று நிலம் தம் பெயரில் இருந்தவருக்கே ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆயினும் உடைமையாளர் இறந்து வாரிசாக நிலம் பெற்றவருக்கு விலக்கு உண்டு.

குத்தகைக்கு உழுபவர் நிலைதான் வருத்தத்துக்குரியது. பி.எம். கிசான் அவருக்குக் கிடையாது. பயிர்க் காப்பீட்டில் மட்டும் சேரலாம். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் தேவை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைத் தாலுகாவில் பதிந்துகொள்ள வழியுண்டு. நிலச் சொந்தக்காரர் முகம் சுளிப்பாரே என்று பலர் அதைச் செய்வதில்லை.

மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, வருவாய்க் கோட்டாட்சியரிடம் காலம் தாழ்த்தாமல் மேல்முறையீடு செய்யலாம். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை அறிமுகமில்லாதவருக்குச் சொல்லக்கூடாது. 2020-ல் தமிழ்நாட்டில் பி.எம். கிசான் பட்டியலில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நுழைந்தது, அலுவலகக் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போனதால்தான். பிறகு கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள்.

உட்பிரிவுக்கு நில அளவர் வந்து அளக்க வேண்டும். வயலில் பயிர் இல்லாத காலமே அதற்கு ஏற்றது. அறுவடை முடிந்ததும் மனுக் கொடுத்து, எல்லைக் கற்கள் இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்து வைத்து, பக்கத்து நிலத்துக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.