எத்தனை லிட்டர் வைப்பது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸாக உனக்கு மெடிக்கல் வார்டு போட்டிருக்கிறார்கள் என்று அண்ணன் போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் ஓடிவரும் இடம் அது. அதனால் ஆக்சிஜனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"சிஸ்டர், கொஞ்சம் கூட்டி வையுங்க" என்று சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள். மனசு இளகி, கை திருகப் போகும். திருகாதே. ஆக்சிஜனும் மருந்துதான், அதற்கும் அளவு உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவீதம். மூக்குக் குழாயில் நிமிஷத்துக்கு 1 லிட்டர் வைத்தால் ஏறக்குறைய 24 ஆகும். பிறகு லிட்டருக்கு 4 கூடி 6 லிட்டரில் 44 வரும். வேகமாக மூச்சு இழுப்பவருக்கு வெளிக்காற்று கலந்து இதுவும் குறையும். 6 லிட்டரைத் தாண்டினால் மூக்கு வறண்டு எரியுமே தவிர, பெரிய பலன் இல்லை. 6 லிட்டர் போதாவிட்டால் டாக்டரைக் கூப்பிடு, மாஸ்க் மாற்ற வேண்டியிருக்கும்.

உன் வார்டுக்கு வருகிறவர்களை நினைத்துப் பார். ஆயுசெல்லாம் பீடி குடித்தவர், விறகுப் புகையில் சமைத்த ஆயா, 2011-இல் நீதிமன்ற உத்தரவால் நிற்கும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். சீஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். 98 பார்த்து நீ நிம்மதியானால், அவர் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வைத்தே இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். மாஸ்க்கில் 8, 10 லிட்டர் என்று அள்ளிக் கொடுத்தவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். மூக்குக் குழாயில் 88–92-க்கு அளந்து கொடுத்தவர்களில் 4 சதவீதம்.

விடியற்காலையில் அப்படிப்பட்டவர் அயர்ந்து தூங்கினால் "நல்லா தூங்குறார்" என்று விட்டுவிடாதே. தட்டி எழுப்பு. தலை வலிக்கிறதா என்று கேள். கையை நீட்டச் சொல். மணிக்கட்டு படபடவென்று ஆடினால் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கலாம்; உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, ரத்த வாயுப் பரிசோதனையான ஏபிஜி எடுக்கச் சொல். பதறிப்போய்க் குழாயை மட்டும் பிடுங்கிவிடாதே. சாச்சுரேஷன் முன்னிருந்ததைவிடக் கீழே விழும். 88–92-இல் நிற்கும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லாருக்கும் இதே கணக்கு இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஓடினார்கள். அப்படி வருகிறவருக்குப் பழைய நுரையீரல் நோய் இல்லையென்றால் 94–98 வேண்டும், கொடுக்கத் தயங்கக் கூடாது. அவர் குரல் கம்மினால் தொண்டை வீங்குகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் லிட்டரைக் கூட்டிக்கொண்டு நிற்காதே, டாக்டர் வந்தாக வேண்டும்.

கூட்டுவதற்கு முன் குழாய் தலையணைக்கடியில் மடங்கியிருக்கிறதா, மூக்கிலிருந்து நழுவியிருக்கிறதா, ஆக்ஸிமீட்டர் மாட்டிய விரல் சில்லிட்டிருக்கிறதா, அதில் மருதாணியோ நகப்பூச்சோ இருக்கிறதா என்று பார். ஃப்ளோ மீட்டரைக் கண் மட்டத்தில் வைத்து, குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் படி. ஒரேயடியாக ஏற்றாமல் ஒரு லிட்டர் கூட்டி, ஐந்து நிமிஷம் பக்கத்திலேயே நின்று, மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு. பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. நீதான் பார்க்க வேண்டும்.

நாளை டியூட்டிக்குப் போனதும் ஆக்சிஜன் ஓடும் ஒவ்வொரு கட்டிலின் கேஸ் ஷீட்டையும் எடுத்துப் பார். சாச்சுரேஷன் எவ்வளவில் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்காவிட்டால், டாக்டரிடம் கொண்டுபோய் எழுதி வாங்கு.

அன்புடன்,
அத்தை