டிப்ரெஷனும் ஆங்கிலமும்: சில தவறான நம்பிக்கைகள்

மனச்சோர்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'டிப்ரெஷன்' என்ற சொல்லுக்கு முன்னால் 'எ' போடவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். இது பாதிதான் சரி. நோயின் பெயராக வரும்போது அது எண்ணிக்கையில் அடங்காத பெயர்ச்சொல். 'ஷி ஹேஸ் டிப்ரெஷன்' என்பதே இயல்பு. ஆனால் ஒருவருக்குச் சில மாதங்கள் நீடித்த சோர்வைச் சொல்லும்போது, அடைமொழி சேர்த்து 'எ டீப் டிப்ரெஷன்' என்று எழுதுவதில் பிழையில்லை. இந்தியச் செய்தித்தாள்களில் அடிக்கடி தென்படும் 'ஹி வாஸ் இன் டிப்ரெஷன்' இந்திய ஆங்கில வழக்கு. வெளிநாட்டு வாசகருக்கு எழுதுகிறவர் அதை 'ஹி ஹேட் டிப்ரெஷன்' என்றோ 'ஹி வாஸ் டிப்ரெஸ்டு' என்றோ மாற்றிக்கொள்வது நல்லது.

இந்த இரண்டும் ஒரே பொருள் தருபவை என்பது அடுத்த நம்பிக்கை. 'டிப்ரெஸ்டு' என்பது தேர்வில் தோற்றவரின் ஒரு மாலை வருத்தத்துக்கும் பொருந்தும். 'ஹேஸ் டிப்ரெஷன்' என்பதோ நோய் இருக்கிறது என்ற கூற்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, ஒன்பது அறிகுறிகளில் ஐந்தாவது குறைந்தது இரண்டு வாரம் நீடிக்க வேண்டும் என்கிறது; அவற்றில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். மருத்துவர் சொல்லாத நோயை நிருபர் சொல்லக் கூடாது. அந்த இடத்தில் 'சேட்' அல்லது 'அப்செட்' போதும்.

'கிளினிக்கல் டிப்ரெஷன்' மருத்துவப் பெயர் என்பதும் தவறு, அது பேச்சுவழக்கு. கையேட்டில் உள்ள பெயர் 'மேஜர் டிப்ரெசிவ் டிசார்டர்'. அதன் 1980ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 'மேனிக் டிப்ரெஷன்' விலகி 'பைபோலார் டிசார்டர்' வந்தது.

'சஃபரிங் ஃப்ரம் டிப்ரெஷன்' என்பதில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆனாலும் அது நோயாளி படும் பாட்டை எழுதுகிறவரே தீர்மானிக்கும் தொடர். 'எ பெர்சன் வித் டிப்ரெஷன்' என்பதில் அந்த ஊகம் இல்லை. 'சஃபரிங்' என்று நோயாளியே சொல்லியிருந்தால் மேற்கோளைத் திருத்த வேண்டியதில்லை.

அதிகம் வாதம் நடக்கும் தொடர் 'கமிட்டெட் சூசைட்'. அதைத் தவிர்க்கச் சொல்வது வெறும் நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. 'கமிட்' குற்றங்களோடும் பாவங்களோடும் சேரும் வினை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலை 1961 வரை குற்றமாகவே இருந்தது. இந்தியாவில் தற்கொலை முயற்சியைத் தண்டித்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்யும் முயற்சி மட்டுமே குற்றம். சட்டம் கைவிட்ட குற்றச்சாட்டை வினைச்சொல் சுமக்க வேண்டியதில்லை. அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு 2015 முதல் இத்தொடரைத் தவிர்க்கச் சொல்கிறது. 'டைட் பை சூசைட்' போதும். உயிர் பிழைத்தவரைப் பற்றி 'ஃபெயில்டு அட்டெம்ப்ட்' என்று எழுதுவதும் தவிர்க்க வேண்டியது. 'சர்வைவ்டு எ சூசைட் அட்டெம்ப்ட்' என்பதே சரியான தொடர்.