ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே: பயம் எங்கே, பாதுகாப்பு எங்கே?

ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சிக்கு இன்று இருக்கும் மருந்துகளில் வலுவானது ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, இரவில் மாறி மாறி அடைத்துக்கொள்ளும் துவாரங்கள் என நீளும் இந்தத் தொல்லையை நம் ஊரில் 'சைனஸ்' என்றோ 'டஸ்ட் அலர்ஜி' என்றோ சொல்வார்கள். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி, கரப்பான் எச்சம், பார்த்தீனியம் போன்ற செடிகளின் மகரந்தம், பூஞ்சை ஆகியவை இதைத் தூண்டும் முக்கியக் காரணங்கள். 1970களின் தொடக்கத்தில் பெக்ளோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயாக வந்தது. இப்போது அதிகம் எழுதித் தரப்படுபவை ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு. ஐம்பது ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகும் மருத்துவர் எழுதித் தந்த ஸ்ப்ரே பல வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. அந்தப் பெயரிலுள்ள 'ஸ்டீராய்டு' என்ற சொல்லே அதற்குக் காரணம்.

ஸ்டீராய்டு என்றால் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. மாத்திரையாகவோ ஊசியாகவோ நீண்ட நாள் உடலுக்குள் போகும் ஸ்டீராய்டுக்கு இந்த நம்பிக்கை பெரிதும் பொருந்தும். ஸ்ப்ரேயின் கணக்கு வேறு. ஃப்ளூட்டிகசோன் புரோப்பியனேட்டை ஒரு முறை அடித்தால் வெளிவருவது 50 மைக்ரோகிராம். பெரியவர்கள் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு முறை அடித்தாலும் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம்தான், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி தொண்டை வழியே வயிற்றுக்குள் இறங்கி, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் அங்கேயே செயலிழக்கிறது. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் இரண்டிலும் ரத்தத்தில் செயலோடு சேர்வது 2 சதவீதத்துக்கும் குறைவு. பழைய மருந்தான பெக்ளோமெத்தசோனும் புடசோனைடும் இவற்றைவிட அதிகமாக ரத்தத்தில் கலக்கும். நீண்ட காலம் தேவைப்படுவோருக்கு மருத்துவர்கள் புதிய மருந்துகளை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு முற்றிலும் வேறு வகை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. சளி, தும்மல் என்று போனால் சில மருந்துக் கடைகளில் பிரித்துக் கலந்து தரும் மாத்திரைகளில் பெட்டாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ இருப்பதுண்டு. ஒரே நாளில் மூக்கு திறந்துவிடுவதால் அடுத்த முறையும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டு இதுதான். முகவீக்கமும் சர்க்கரை ஏற்றமும் வரக்கூடிய வழியும் இதுதான். பெயர் தெரியாத அந்த மாத்திரையை நம்பி விழுங்கும் ஒருவர், அளவு அச்சிட்ட ஸ்ப்ரேயைக் கண்டு ஒதுங்குவது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதும் மூக்கு ஸ்ப்ரே மீதான சந்தேகம் கூடியது. அந்நோயோடு சேர்ந்து காணப்பட்டவை கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும், மாத்திரையாகவும் ஊசியாகவும் தரப்பட்ட அதிக அளவு ஸ்டீராய்டும்.

'ஒரு முறை அடித்துப் பழகினால் விட முடியாது' என்பது அடுத்த நம்பிக்கை. இது வேறொரு குப்பியைப் பற்றிய உண்மை. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் கலந்த மூக்கடைப்பு மருந்துகள் மூக்கின் ரத்த நாளங்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் அடைப்பைத் திறக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் நாளங்கள் முன்பைவிட அதிகமாகப் புடைக்கும். அந்த அடைப்பைத் திறக்க மறுபடி அதே மருந்து. மாதக்கணக்கில் தலையணைக்குப் பக்கத்தில் குப்பியோடு தூங்குபவர்கள் இந்தச் சுழலில் சிக்கியவர்கள். இதிலிருந்து வெளியே வர மருத்துவர்கள் தருபவற்றுள் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயே முக்கியமானது. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நிறுத்தியதும் தும்மல் திரும்பினால் அது அடிமைத்தனம் ஆகாது. ஒவ்வாமை உடலில் இருக்கிறது, தூசியும் வீட்டில் இருக்கிறது, மருந்து மட்டும் விலகியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வகைக் குப்பிகளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், மேலே எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

'இரண்டு நாள் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை' என்று கைவிடுவோர் ஏராளம். நாளங்களைச் சுருக்கும் மருந்தின் வேகத்தை இதனிடம் எதிர்பார்ப்பதே இதற்குக் காரணம். ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் லேசான மாற்றம் தெரியலாம். முழுப் பலன் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அடைத்த அன்று மட்டும் அடிப்பதைவிட அன்றாடம் ஒரே நேரத்தில் அடிப்பதே நல்ல பலன் தரும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் தொல்லை வருபவர்கள், அந்தப் பருவத்துக்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்குவது நல்லது.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறிப்போவது அடிக்கும் முறை. தலையை அண்ணாந்து, குப்பியை நேர் மேலாகப் பிடித்து, பலமாக உறிஞ்சினால்தான் மருந்து உள்ளே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அடித்தால் மருந்து தொண்டைக்கு வழிந்துவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். முதலில் மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்ய வேண்டும். உப்பு நீரால் மூக்கைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள், கொதிக்க வைத்து ஆறிய நீரில் கழுவிச் சற்று நேரம் கழித்து ஸ்ப்ரே அடிக்கலாம். அடித்த பின் கழுவினால் மருந்தும் போய்விடும். குப்பியைக் குலுக்க வேண்டும். புதியது என்றாலோ பல நாள் எடுக்காமல் இருந்தாலோ, சீரான தூறல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு தலையைச் சற்றே முன்பக்கம் குனிந்து, வலது கையால் இடது துவாரத்திலும் இடது கையால் வலது துவாரத்திலும் அடிக்க வேண்டும். கையை இப்படி மாற்றிப் பிடித்தால் குழாயின் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். பூ முகர்வது போல மெல்ல மூச்சை இழுத்தால் போதும். உடனே சிந்தக் கூடாது. முனையைத் துடைத்து மூட வேண்டும், அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு மாறிவிடும். ஒரு குப்பி ஒருவருக்கு மட்டுமே.

மூக்கில் ரத்தம் வந்தால் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று தூக்கி எறிவதற்கும் இந்த முறையோடு தொடர்புண்டு. இந்த ஸ்ப்ரேயின் பக்கவிளைவுகளில் அடிக்கடி காண்பது லேசான ரத்தக் கசிவும் வறட்சியும். இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவரில் மெல்லிய நாளங்கள் மேலோட்டமாக ஓடுகின்றன. தூறல் நாள்தோறும் அந்தச் சுவரிலேயே பட்டால் புண்ணாகும். மிக அரிதாகச் சுவரில் ஓட்டையே விழலாம். ரத்தம் கண்டால் ஓரிரு நாள் நிறுத்தி, அடிக்கும் திசையைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகும் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தை வளராது என்ற அச்சத்தை அப்படியே ஒதுக்கிவிட முடியாது, அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெக்ளோமெத்தசோனை ஓராண்டு தினமும் இருவேளை பயன்படுத்திய குழந்தைகள், மருந்தில்லாத ஸ்ப்ரே பயன்படுத்தியவர்களைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்ததாக 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மொமெட்டசோனை வைத்து வெளியான ஓராண்டு ஆய்வில் அத்தகைய குறைவு தென்படவில்லை. குழந்தைக்குத் தேவையான மிகக் குறைந்த அளவைத் தருவதும், உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்து வருவதும் போதுமான காவல். குறைந்தபட்ச வயது மருந்துக்கு மருந்து மாறும். அமெரிக்காவில் மொமெட்டசோன் 2 வயதிலிருந்தும், ஃப்ளூட்டிகசோன் புரோப்பியனேட் 4 வயதிலிருந்தும், புடசோனைடு 6 வயதிலிருந்தும் அனுமதிக்கப்பட்டுள்ளன. இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டுத் தூக்கம் கெடும் குழந்தைக்குச் சிகிச்சை தராமல் விடுவதும் தீங்குதான்.

பாதுகாப்பானது என்பதால் எல்லோரும் தாமாகவே வாங்கி அடிக்கலாம் என்று ஆகிவிடாது. மூக்கில் அண்மையில் அறுவை சிகிச்சையோ அடியோ புண்ணோ இருந்தால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். காசநோய், கண் அழுத்த நோய், கண்புரை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரும், தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பும் ஏற்கெனவே பயன்படுத்துவோருக்கு எல்லா அளவும் ஒன்றாகச் சேரும். எச்ஐவி சிகிச்சையில் தரப்படும் ரிட்டோனவிர், பூஞ்சை நோய்க்கான இட்ராகோனசோல் போன்றவை கல்லீரல் இந்த மருந்தைச் சிதைப்பதைத் தடுக்கும். ரிட்டோனவிரோடு ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே சேர்ந்து முகவீக்கம் முதலான ஸ்டீராய்டு விளைவுகள் முழுமையாக வந்தவர்கள் உண்டு. சரியான முறையில் ஒரு மாதம் அடித்தும் குறையாத அடைப்பு, ஒரே பக்கம் மட்டும் அடைப்பது, ஒரு பக்கத்திலிருந்து ரத்தம் கலந்தோ துர்நாற்றத்தோடோ ஒழுகுவது, கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், முகவலியோடு காய்ச்சல் ஆகியவற்றை ஒவ்வாமை என்று எண்ணி ஸ்ப்ரேயைத் தொடரக் கூடாது. இவற்றுக்கு நேரில் பரிசோதனை தேவை. கண் வீக்கமும் பார்வை மங்கலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.