மொழிக்குள் மொழி: நேர்முகத்துக்குப் போகுமுன்

ஹெவ்லொக் டவுனில் வீடு, வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதியிலுள்ள ஐஐடி கணினிக் கல்லூரியில் வகுப்பு, அடுத்தது மென்பொருள் கம்பனியொன்றில் பயிலுநர் வேலை. இந்த வழியில் போகிற பிள்ளைகளின் சிவியில் ஜாவா, பைதன், எஸ்கியூஎல் என்று மொழிகள் வரிசையாக நிற்கும். வேலைத்தளத்தில் அவை அப்படித் தனித்தனியே வருவதில்லை. ஜாவாவுக்குள் எஸ்கியூஎல் கிடக்கும், ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஜேஎஸ்எக்ஸ், எங்கு பார்த்தாலும் ரெகெக்ஸ். வில்லங்கமான பிழைகள் இந்தப் பொருத்துகளில்தான் ஒளிந்திருக்கும்.

ஜாவாவில் எழுதிய ஒரு தேடல் பெட்டியை எடுங்கள். பயனர் அடிக்கும் பெயரை எஸ்கியூஎல் வரியோடு கூட்டல் குறி போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். "பெரேரா" என்றால் பிரச்சினை இல்லை. "டி'சில்வா" வந்தால்? நடுவிலுள்ள மேற்கோள் குறியோடு பெயர் முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். மிச்சமான "சில்வா"வைக் கட்டளையாக வாசிக்கப் பார்க்கும். ஜாவா கம்பைலர் மூச்சும் விடாது, அதற்கு அது வெறும் ஸ்ட்ரிங். அப்பாவி டி'சில்வாவுக்கு எரர் கிடைக்கும். கெட்ட எண்ணக்காரருக்கு முழு டேட்டாபேஸுமே கிடைக்கலாம். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான். மருந்து, பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்: பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியை வைத்து, பெயரைத் தனியே அனுப்புங்கள்.

இந்தத் தலையிடியை மொழியின் மட்டத்திலேயே கையாண்டவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். 2005 இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017 இல் பலரீனா மொழியை அறிமுகப்படுத்தியது. எக்ஸ்எம்எல் உலகில் பெயர்பெற்ற ஜேம்ஸ் கிளார்க்கும் அதன் வடிவமைப்பில் கைகொடுத்தவர். பலரீனாவில் எஸ்கியூஎல் வரிக்கு நடுவில் மாறியை வைத்தாலும், அது எழுத்தாக ஒட்டப்படாமல் பராமீற்றராகவே போய்ச்சேரும். பட்டியலைச் சலிக்க ஃப்ரொம், வேர், செலக்ட் என்பவை அந்த மொழியின் சொந்த இலக்கணத்திலேயே உண்டு; அங்கே இல்லாத புலத்தின் பெயரை எழுதினால் கம்பைலரே பிடித்துவிடும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் முளைத்த சித்தியும் இந்த இனந்தான்: ஓடிவரும் தரவை எஸ்கியூஎல் சாயலில் கேள்வி கேட்கும் மொழி, ஜாவா புரோகிராமுக்குள் உட்காரும்.

அதற்காகப் பலரீனாவை விழுந்து விழுந்து படிக்கத் தேவையில்லை. ஜாவாவையும் எஸ்கியூஎல்லையும் ஊன்றிப் பிடித்தபின் ஒரு வார இறுதியை அதற்குக் கொடுங்கள், போதும். ஏதாவது சிக்கினால், உள்ளே இருக்கும் எஸ்கியூஎல்லைப் பிரின்ட் செய்து வெளியே எடுத்து டேட்டாபேஸில் நேரே ஓட்டிப் பாருங்கள். பிழை எந்த மொழியில் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சிவியில் ஐந்து மொழிப் பெயரைவிட, டி'சில்வாவைத் தாங்கும் ஒரு சின்னத் தேடல் புரோகிராம் மேல். அதைக் கிட்ஹப்பில் போடுமுன், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் கோடுக்குள் கிடக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள்.