வளைத்த கம்பியின் சூடு

கடதாசிக் கிளிப்பொன்றை நிமிர்த்தி, ஒரே இடத்தில் நாலைந்து தடவை வேகமாக வளைத்து, அந்த இடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள், சுடும். மீள்தன்மை எல்லையைத் தாண்டி வளைந்த உலோகம், நாம் செய்த வேலையைத் திருப்பித் தருவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. முழுவதுமா? 1934இல் டெயிலரும் குவின்னியும் உலோகக் கோல்களை முறுக்கி அளந்தார்கள். ஒரு சிறு பங்கு, ஏறக்குறையப் பத்தில் ஒன்று, உலோகத்துக்குள்ளேயே தங்கியிருந்தது. பளிங்கு அடுக்கில் ஏற்படும் குழப்பங்களே அந்தச் சேமிப்பு. வளைந்த இடம் கடினமாவதும் அவற்றால்தான்.

வெப்பவியக்கவியல் மாதிரி முதலில் இந்த வரவுசெலவை எழுதுகிறது: வேலை, வெப்பமும் சேமிப்பும் சேர்ந்ததற்குச் சமன். இரண்டாம் விதி இன்னும் கண்டிப்பானது. மறுபக்கம் வளைத்தாலும் போன வெப்பம் வேலையாகத் திரும்பாது. திரும்புவதாகக் காட்டும் சமன்பாடு எவ்வளவு அழகானாலும் தள்ளுபடிதான். உள்ளே தங்கிய சேமிப்பை மட்டும் வெளியேற்றலாம்: நகைத் தொழிலாளி கடினமான கம்பியை நெருப்பில் காட்டி இளக்குகிறாரே, அப்படி.