விளையாட்டுத் திடலும் தலைமை நாற்காலியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன ஓட்டமும் ஆட்டமும் கோப்பைகளுமே. ஆனால் எந்தப் போட்டியை நடத்துவது, யாரை அணியில் சேர்ப்பது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வோர் திடலில் இருப்பதில்லை. நிருவாகக் குழுக்களில் இருக்கின்றனர். அக்குழுக்களில் பெண்கள் பெற்றுள்ள இடம் எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிம்பிக் குழுவில் பெண்கள்

அனைத்துலக ஒலிம்பிக் குழு 1894-ஆம் ஆண்டு பாரிசில் தோன்றியது. 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் போட்டியில் பெண்களுக்கு இடமில்லை. 1900-இல் பாரிசில் அவர்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டனர். ஆயினும் குழுவின் உறுப்பினராக 1981 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வெனிசுவேலாவின் ஃப்ளோர் இசாவா ஃபொன்சேகா, பின்லாந்தின் பிர்யோ ஹேக்மன் ஆகிய இருவரே அவ்வாறு நுழைந்த முதற்பெண்கள். களத்தில் இறங்க ஆறு ஆண்டுகள். அவையில் அமர எண்பத்தேழு ஆண்டுகள்!

இதற்குக் காரணம் என்ன? அக்குழுவின் புதிய உறுப்பினர்களை, இருக்கும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த அவை, தனக்குப் பழக்கமான ஆண்களையே மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டது. யாரும் கதவைப் பூட்டவில்லை. ஆனால் திறக்கவும் இல்லை. ஜிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கோவென்ட்ரி 2025 மார்ச்சில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைமைப் பதவி ஒரு பெண்ணுக்குக் கிட்ட 131 ஆண்டுகள் ஆயின.

இணைப்பினால் வந்த இழப்பு

பிரான்சு நாட்டின் ஆலிஸ் மிலியா என்னும் அம்மையார், ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடம் கேட்டார். இடம் கிடைக்காமற்போகவே, 1921-இல் பெண்களுக்கெனத் தனி அனைத்துலகக் கூட்டமைப்பை நிறுவி, மறு ஆண்டே பாரிசில் தனிப் போட்டியையும் நடத்திக் காட்டினார். அதன் பயனாக 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்தன. ஆனால் பெண்கள் தடகளம் ஆண்கள் நடத்திய கூட்டமைப்பின் கைக்குப் போயிற்று. மிலியாவின் அமைப்பு 1930-களில் மறைந்தது. பெண்களால் தாங்க முடியாது என்று கூறி நீக்கப்பட்ட 800 மீட்டர் ஓட்டம் 1960 வரை மீண்டும் சேர்க்கப்படவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குச் சம வாய்ப்பளித்தது. ஆடும் பெண்களின் தொகை பன்மடங்கு பெருகியது. ஆனால் பெண்களே நடத்திய கல்லூரி விளையாட்டுச் சங்கம், ஆண்களின் சங்கம் பெண்களுக்கும் போட்டி நடத்தத் தொடங்கியதும், 1982-இல் தன் பணியை நிறுத்தியது. 1972-இல் பெண்கள் அணிகளின் பயிற்றுநர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் பெண்கள். பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆட்டத்தில் சமத்துவம் வந்தால் ஆட்சியிலும் சமத்துவம் தானே வந்துவிடும் என்பது தவறான கணக்கு என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

நம் நாட்டில்

இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-இல் அமைந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கத்தை இழந்த பி.டி. உஷா, 2022 டிசம்பரில் அதன் முதல் பெண் தலைவரானார். அடுத்த மாதமே சாக்ஷி மாலிக், வினேஷ் போகாட் முதலிய மல்யுத்த வீராங்கனைகள், தங்கள் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் தொல்லைப் புகார் கூறித் தில்லித் தெருவில் அமர்ந்தனர். முறையிட வேண்டிய இடத்தின் மீதே முறையீடு என்றால் ஒரு பெண் எங்கே செல்வாள்?

2025-இல் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு நிருவாகச் சட்டம், பதினைந்து பேருக்கு மிகாத செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பதினைந்தில் மூன்றில் ஒரு பங்கு ஐந்து. நான்கு அதனினும் குறைவு. தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் பெண் இருந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. கூட்டத்திற்கு வந்து கையெழுத்திட்டுச் செல்லும் நால்வராக அவர்கள் ஆகிவிடக் கூடாது.

ஏன் வேண்டும்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கபடி ஆடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் பெண்கள் ஆட்டத்தைக் கடைசியாக வைத்தார்கள். உடை மாற்ற அறை இல்லை. எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து இரவு எட்டு மணிக்கு. அதனால் எங்களுள் இருவர் ஆடாமலே திரும்பினர். அமைப்பாளர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். அக்குழுவில் ஒரே ஒரு பெண் இருந்திருந்தால் முதல் கேள்வியே பேருந்தைப் பற்றியதாக இருந்திருக்கும். “பொட்டப்பிள்ளை இருட்டுறதுக்குள்ள வந்துடணும்” என்று சொல்லியே என் அம்மா என்னை விளையாட அனுப்புகிறார். அவர் சொல் அந்தக் குழுவின் காதுக்கு எட்ட வேறு வழி இல்லை.

ஆகவே மாணவியரே! ஆடுவதோடு நின்றுவிடாதீர்கள். விதிகளைப் படியுங்கள், நடுவர் தேர்வு எழுதுங்கள், விளையாட்டுச் செயலாளர் தேர்தலில் நில்லுங்கள். மாணவ நண்பர்களே! அவர்களுக்கு வாக்களியுங்கள். நாளைய சங்கங்களின் தலைவர்கள் இன்றைய கல்லூரிக் குழுக்களிலிருந்துதான் வர வேண்டும்.