நைல் நதிக்கு ஞாபகம் உண்டா?

கேள்வி: எங்கள் ஊரின் அறுபது வருட மழைக் கணக்கை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். சராசரி, திட்டவிலக்கம் இரண்டையும் கண்டுபிடித்துவிட்டேன். 'இதில் நீண்டகால நினைவு இருக்கிறதா என்று பார்த்தாயா?' என்று கேட்கிறார் ஆசிரியர். எண்களுக்கு ஏது ஐயா நினைவு? மூன்று வருடம் மழை குறைந்தால் நாலாவது வருடம் எப்படியும் ஈடுகட்டிவிடும்தானே?

— புள்ளியியல் முதுகலை மாணவி

பதில்: கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பிக் கடன் வாங்கி விதைத்தவர்கள் நிறையப் பேர்.

மழை நமக்கு எதுவும் பாக்கி வைத்திருக்கவில்லை. பூவா தலையா போட்டு ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்தாலும், ஆறாவது முறை பூ விழும் வாய்ப்பு பாதிதான். 'நாள்பட நாள்படச் சராசரிக்கு வந்துவிடும்' என்பது உண்மை. ஆனால் பழைய குறையை யாரோ நிரப்பிவிடுவதால் அப்படி வருவதில்லை. புதிய எண்கள் சேரச் சேரப் பழைய குறையின் பங்கு சிறுத்துப்போகிறது, அவ்வளவே. நாணயத்துக்கே இதுதான் கதி. இயற்கை பல இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், மோசமான வருடங்களைக் கொத்தாகக் கொடுக்கிறது.

உங்கள் அறுபது எண்களையும் அறுபது துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வேறு வரிசையில் அடுக்குங்கள். சராசரி மாறாது. திட்டவிலக்கமும், அதாவது எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவும், கடைசித் தசமம் வரை மாறாது. ஆனால் ஒரு வரிசையில் வறண்ட வருடங்கள் எட்டு ஒன்றாக வரலாம். இன்னொன்றில் அவை நல்ல வருடங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கலாம். ஏரிப் பாசனக்காரருக்கு இவை இரண்டும் இரு வேறு உலகங்கள். திட்டவிலக்கத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உங்கள் ஆசிரியர் கேட்பது எண்களைப் பற்றியல்ல, அவை வந்த வரிசையைப் பற்றி.

இந்த வரிசையை அளக்க வழி கண்டவர் ஹரோல்டு எட்வின் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர். 1906இல் எகிப்துக்குப் போய், வாழ்நாளின் பெரும்பகுதியை நைல் நதியோடு கழித்தவர். அவர் முன் இருந்தது ஒரு நேரடியான பொறியியல் கேள்வி: நைலுக்கு எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும்? லட்சிய அணை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருடா வருடம் அது சராசரி வரத்தின் அளவை மட்டும் திறந்துவிடுகிறது. ஒருநாளும் வழியக் கூடாது, ஒருநாளும் வறளவும் கூடாது. ஒவ்வொரு வருட வரத்திலிருந்தும் சராசரியைக் கழித்து, மிச்சத்தை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால், அணையின் இருப்பு ஏறி இறங்குவது தெரியும். அதன் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 'வீச்சு'. வேண்டிய கொள்ளளவும் அதுவே. ஆறுக்கு ஆறு ஒப்பிட வசதியாக இதைத் திட்டவிலக்கத்தால் வகுத்துவிட்டால், 'மறு அளவிட்ட வீச்சு' கிடைக்கிறது.

வருடங்கள் ஒன்றையொன்று சாராமல் நாணயம் போல விழுந்தால், இந்த வீச்சு வருட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல 1.25 மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. நூறு வருடத்துக்கு 12.5. ஹர்ஸ்ட் இதைச் சோதிக்க எடுத்தவற்றில் கெய்ரோவின் ரோடா தீவிலுள்ள நைலோமீட்டரின் குறிப்புகளும் உண்டு. நைலோமீட்டர் என்பது நதியின் மட்டத்தைக் காட்டும், அளவு பொறித்த கல்தூண். அதன் பதிவுகள் கி.பி. 622இலிருந்து தொடங்குகின்றன. வேறு ஆறுகள், மழை, மர வளையங்கள், ஏரிச் சேற்றின் ஆண்டுப் படிவுகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பார்த்தார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் வீச்சு எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தது. வர்க்கமூலம் என்றால் அடுக்கு 0.5. அவருக்குக் கிடைத்த சராசரி அடுக்கோ 0.73. அவருடைய சூத்திரப்படி நூறு வருடத்துக்கு வீச்சு 17.4, அணை ஏறக்குறைய 40 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும். 1951இல் இதை வெளியிட்டார்.

அந்த அடுக்குக்குத்தான் இன்று ஹர்ஸ்ட் எண் என்று பெயர். 0.5 என்றால் நினைவில்லை. அதற்கு மேலே போனால், மேடு மேட்டைத் தொடரும், பள்ளம் பள்ளத்தைத் தொடரும். கீழே போனால் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். நீங்கள் எதிர்பார்த்த 'ஈடுகட்டல்' அங்கேதான் உண்டு.

அப்படியானால் நதி நினைவு வைத்திருக்கிறதா? ஹர்ஸ்ட் ஒரு சீட்டுக்கட்டை வைத்து இதற்கு அழகாக விடை சொன்னார். கூட்டல், கழித்தல் எண்கள் எழுதிய கட்டு. முதலில் ஒரு சீட்டை எடுப்பார். அதிலுள்ள எண்ணுக்கு ஏற்பக் கட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுவார்: கூட்டல் வந்தால் பெரிய எண்கள் சில கூடும், சிறியவை சில குறையும். கூடவே ஒரு ஜோக்கரைச் செருகுவார். பிறகு அந்தச் சாய்ந்த கட்டிலிருந்து 'வருடங்களை' ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவார். ஜோக்கர் வந்ததும் கட்டைக் கலைத்து, புதிய சாய்வோடு மறுபடி தொடங்குவார். இந்த ஆட்டத்தில் கிடைத்த அடுக்கு சுமார் 0.71. எந்தச் சீட்டுக்கும் முந்தைய சீட்டு ஞாபகமில்லை. சாய்வு எப்போது மாறும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நிஜ உலகில் அந்தச் சாய்வைத் தருபவை கடல் வெப்பநிலை, ஏரிகள், நிலத்தடி நீர் போன்ற மெதுவாக மாறும் சங்கதிகள்.

இந்த எண் உண்மையில் கடிப்பது வேறோர் இடத்தில். நினைவில்லாத தொடரில் நூறு வருடச் சராசரியின் பிழை, திட்டவிலக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. அடுக்கு 0.73 ஆனால் அது 0.29 ஆகிவிடும். அதாவது, உங்கள் நூறு வருடக் கணக்கு சொல்லும் சேதி, நினைவில்லாத தொடரின் பன்னிரண்டு வருடச் சேதிக்குத்தான் சமம். பத்தில் ஒரு பங்குப் பிழை வேண்டுமானால் ஐயாயிரம் வருடப் பதிவு தேவை. நைலோமீட்டரிடமே அவ்வளவு இல்லை.

1968இல் பெனுவா மாண்டல்பிராட்டும் ஜேம்ஸ் வாலிஸும் இதற்கு 'யோசேப்பு விளைவு' என்று பெயரிட்டார்கள். ஏழு வருடச் செழிப்பும் ஏழு வருடப் பஞ்சமும் தொடர்ந்து வந்த பைபிள் கதையும் எகிப்தில் நடப்பதுதானே! திடீர்ப் பெருவெள்ளம் போன்ற ஒற்றை அதிர்ச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'நோவா விளைவு'. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஹர்ஸ்ட் எண் அளப்பது முதலாவதை.

ஒரு பொறியும் உண்டு. அஸ்வானில் நைலின் வருடாந்தர ஓட்டம் 1871 முதல் 1898 வரை சராசரியாகச் சுமார் 3,880 டி.எம்.சி. 1899 முதல் 1970 வரை சுமார் 3,000. 1913இல் அது 1,610 வரை விழுந்தது. இந்த நூறு எண்களைக் கணினியில் போட்டால் ஹர்ஸ்ட் எண் 0.5ஐத் தாண்டும். ஆனால் அது நீண்ட நினைவா, 1899இல் ஒரே ஒருமுறை நேர்ந்த சரிவா? எண் அதைச் சொல்லாது. மெல்ல ஏறும் ஒரு போக்கும் இதே வேடத்தைப் போட்டுக்கொண்டு வரும். போதாக்குறைக்கு, தொடர் குட்டையாக இருந்தால் நினைவே இல்லாதபோதும் இந்த முறை 0.6ஐ ஒட்டி விடை தரும். பங்குச் சந்தையில் '0.6 வந்துவிட்டது, போக்கு தொடரும்' என்று சொல்லிப் பணம் போடச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆகவே உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை. முதலில் தொடரை வரைபடமாகப் போட்டு, எங்காவது ஒரு படி இறங்கியிருக்கிறதா, மழைமானியை எப்போதாவது இடம் மாற்றினார்களா என்று பாருங்கள். பிறகு அறுபது எண்களையும் கணினியில் ஆயிரம் முறை குலைத்து, ஒவ்வொரு முறையும் ஹர்ஸ்ட் எண்ணைக் கணக்கிடுங்கள். உங்கள் அசல் வரிசையின் எண், குலைத்தவற்றில் 950ஐயாவது தாண்டினால் மட்டும் 'நினைவு இருக்கக்கூடும்' என்று எழுதுங்கள். தாண்டாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அறுபது வருடக் கணக்கில் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.